கென்டக்கியின் குகையும் ஆலையும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் என்றால் நம்மில் பலருக்கு நினைவில் வருவது பொரித்த கோழி. குதிரைப் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். கணினி விளையாட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த மாநிலம் எனக்கு வேறு இரண்டு காரணங்களுக்காக முக்கியமாகிவிட்டது. அங்கே மாமத் குகை இருக்கிறது. உலகில் அறியப்பட்ட குகைத்தொகுதிகளில் மிக நீளமானது. அங்கேதான் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வீட்டுப் பாவனைச் சாதனங்களைச் செய்த ஆலைகளும் இருந்தன. நம் பிள்ளைகள் இரவிரவாக விளையாடும் கடினமான விளையாட்டுகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று, செத்தால் முதலிலிருந்தே தொடங்கவேண்டிய 'ரோக்லைக்' வகை. மற்றது, வெறும் நிலத்தில் இறங்கி ஆலைக்கு மேல் ஆலை கட்டும் வகை. முதலாவது அந்தக் குகையிலிருந்தும் இரண்டாவது அந்த ஆலையிலிருந்தும் வந்தன என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் அதிகம் மிகையில்லை.

ஆலையிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் மூத்தது.

ஜே ஃபொரெஸ்டர் என்ற பொறியியலாளர் 1956இல் எம்.ஐ.டி.யின் முகாமைத்துவக் கல்லூரிக்கு மாறினார். அதற்கு முன் வேர்ல்விண்ட் என்ற ஆரம்பகாலக் கணினியைக் கட்டியவர். அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் ஆட்களோடு கதைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கென்டக்கி ஆலைகளைப் பற்றி அவர்களிடம் ஒரு புதிர் இருந்தது. ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு ஷிப்ட் ஓடுகிறது. சில வருடங்கள் கழித்துப் பார்த்தால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. சந்தை ஏறி இறங்குகிறது, அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஃபொரெஸ்டருக்கு அது போதவில்லை. ஆட்களை எப்போது எடுப்பது, கையிருப்பு எவ்வளவு வைப்பது என்பதையெல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு ஒரு குறிப்புப் புத்தகத்தில் கோடு போட்டு, மேலே தலைப்பு எழுதி, கையிருப்பு, ஊழியர், வந்த கட்டளை என்று வாரம் வாரமாகக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரும் கட்டளைகள் மாறாமல் இருந்தாலும் ஊழியர் எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஊசலாட்டம் ஆலைக்கு உள்ளேயே, முகாமையாளர்களின் சொந்த விதிகளுக்குள்ளேயே இருந்தது.

பலகை இல்லை, காய் இல்லை, திரை இல்லை. ஆனாலும் என் கணக்கில் முதலாவது ஆலை விளையாட்டு அந்தப் பக்கம்தான். அதில் ஊழியருக்கென்று ஒரு நிரல் இருந்தது என்பதை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்த வழியில் பிறந்ததுதான் எம்.ஐ.டி.யின் பியர் விளையாட்டு. இன்றைக்கும் வணிகக் கல்லூரிகளில் இதை விளையாட வைக்கிறார்கள். நான்கு பேர் வரிசையாக இருக்கிறார்கள்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், பியர் ஆலை. ஒருவரோடு ஒருவர் கதைக்கக்கூடாது. கட்டளைத் துண்டு மட்டும் ஒரு பக்கம் போகும்; சில வாரம் தாமதமாகச் சரக்கு மறுபக்கம் வரும். வாடிக்கையாளர் வாரத்துக்கு 4 பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஒரு வாரம் 8 ஆகிறது. அதன் பிறகு கடைசிவரை 8தான். நடந்தது அவ்வளவே. ஆனால் சரக்கு வரவில்லையே என்ற பதற்றத்தில் கடைக்காரர் கூட்டிக் கேட்பார். மொத்த வியாபாரி அதைவிடக் கூட்டுவார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பிரளயமாகியிருக்கும். கொஞ்ச வாரத்தில் எல்லார் கிடங்கும் நிரம்பி வழியும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். விளையாட்டு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் வாடிக்கையாளர்தான் குழப்பினார் என்று சத்தியம் செய்வார்களாம்.

இந்தக் குடும்பத்தின் கடினம் இப்படிப்பட்டது. எதிரி யாரும் உங்களை அடிப்பதில்லை. போன மாதம் நீங்கள் எடுத்த முடிவு இந்த மாதம் வந்து கதவைத் தட்டுகிறது.

குகையின் கதை வேறு. வில் க்ரௌதர் மசச்சூசெட்ஸில், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டுக்கு நிரல் எழுதியவர். ஓய்வு நேரத்தில் மனைவி பட்ரீஷியாவோடு கென்டக்கிக் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் தயாரிப்பார். ஃப்ளின்ட் ரிட்ஜ் குகையும் மாமத் குகையும் ஒன்றே என்று 1972இல் கண்டுபிடித்த குழுவில் பட்ரீஷியா இருந்தார். பின்னர் அந்த மணவாழ்க்கை முறிந்தது. தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்காக க்ரௌதர் 1970களின் நடுப்பகுதியில் ஒரு விளையாட்டு எழுதினார். படம் இல்லை, வெறும் எழுத்து. தான் நடந்த குகையையே வசனங்களால் கட்டினார். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டொன் வூட்ஸ் அதைக் கண்டெடுத்து 1977இல் விரித்தார். கணினி இருந்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அது பரவியது.

அதில் ஒரு குறை இருந்தது. குகை ஒன்றுதான். ஒருமுறை வழி தெரிந்துவிட்டால் முடிந்தது. எழுதியவருக்கோ முதல் நாளே எல்லாம் தெரியும்.

கலிஃபோர்னியாவின் சாந்தா க்ரூஸில் படித்த மைக்கல் டோயும் க்ளென் விச்மனும் இதைத்தான் யோசித்தார்கள்: எழுதியவனையே திகைக்க வைக்கும் குகை வேண்டும். டோய் பெர்க்லிக்குப் போனபோது அங்கே கென் ஆர்னல்ட் சேர்ந்துகொண்டார். எழுத்து முனையத்தின் திரையில் நினைத்த இடத்தில் நினைத்த எழுத்தைப் போட உதவும் 'கர்சஸ்' என்ற நிரல்தொகுதியை எழுதியவர் அவர். 1980 வாக்கில் 'ரோக்' வந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நிலவறையைக் கணினி புதிதாக அடுக்கும். நீங்கள் ஒரு @ குறி. ஆங்கில நெடுங்கணக்கின் 26 பெரிய எழுத்தும் 26 வகைப் பிராணிகள். 26ஆவது தளத்தில் ஒரு தாயத்து. அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தால் வெற்றி. 1983இல் பெர்க்லியின் யுனிக்ஸ் 4.2 பதிப்போடு சேர்ந்து அது எத்தனையோ பல்கலைக்கழகக் கணினிகளுக்குப் போனது.

ரோக்கின் உண்மையான கண்டுபிடிப்பு எதேச்சை என்று பலரும் எழுதுகிறார்கள். எதேச்சை நம் பரமபதத்திலும் உண்டு. தாயம் சொன்னபடி ஏறுகிறோம், பாம்பு விழுங்கினால் இறங்குகிறோம். நாம் தீர்மானிக்க அங்கே ஒன்றுமில்லை. ரோக் செய்தது வேறு. அது இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கட்டியது.

ஒன்று, பொருட்களின் முகமூடி. நிலவறையில் கிடைக்கும் மருந்துக் குப்பிக்கு நிறம் மட்டும் தெரியும், குணம் தெரியாது. குடித்துப் பார்த்தால்தான் தெரியும். நேற்று நீலக் குப்பி காயத்தை ஆற்றியிருக்கும். இன்றைய ஆட்டத்தில் அதே நீலம் கண்ணைக் குருடாக்கும். எனவே 'நீலம் நல்லது' என்ற அறிவு அந்த ஆட்டத்தோடு செத்துப்போகும். 'பக்கத்தில் எதிரி இல்லாத நேரத்தில்தான் தெரியாத குப்பியைக் குடிக்கவேண்டும்' என்ற அறிவு சாகாது. இதில் பசி வேறு. ஒரே இடத்தில் பத்திரமாக இருந்துவிட முடியாது. சாப்பாடு தேடிக் கீழே இறங்கியே ஆகவேண்டும்.

மற்றது, சேமித்த கோப்பு. ஆட்டத்தை இடையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். திரும்ப வந்து திறந்ததும் ரோக் அந்தக் கோப்பை அழித்துவிடும். செத்தால் திரும்பிப் போக இடமில்லை. இதைக் கொடூரம் என்று பலர் திட்டினார்கள். விளைவுக்கு ஒரு கனம் வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தோம், வதைப்பதற்காக இல்லை என்று விச்மன் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. குடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பழைய கோப்பைத் திறக்கலாம் என்றால், குப்பியின் முகமூடிக்கு என்ன வேலை?

ரோக்கின் மூலநிரல் அப்போது எல்லோர் கையிலும் இல்லை. ஆகவே விரும்பியவர்கள் தாங்களே எழுதினார்கள். ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் கோனெக்கி எழுதியது 'மோரியா'. மசச்சூசெட்ஸில் ஒரு பள்ளிக்கூட மாணவனான ஜே ஃபென்லேசன் 1982இல் நண்பர்களோடு சேர்ந்து எழுதியது 'ஹாக்'. அதை ஆம்ஸ்டர்டாமில் அன்ட்ரிஸ் ப்ரௌவர் என்ற கணிதவியலாளர் எடுத்துத் திருத்தி வெளியிட்டார். 1987இல் பல ஊர்களில் இருந்தவர்கள் யூஸ்நெட் வழியாக ஒன்றுசேர்ந்து அதையே 'நெட்ஹாக்' ஆக்கினார்கள். வலை வழியாகச் செய்ததால் அந்தப் பெயர். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள், சம்பளம் வாங்காதவர்கள்.

நெட்ஹாக்கை நான் 1990களின் நடுவில், ரொறன்ரோவில் மாலைநேரக் கல்லூரி ஒன்றின் கணினிக்கூடத்தில் பார்த்தேன். பகலில் வேலை, இரவில் வகுப்பு. பாடத்துக்கான முனையத்தில் யாரோ இதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கணினி. அதனால் நெட்ஹாக்கின் ஒரு விசேஷம் அங்கே வேலை செய்தது. ஒருவர் செத்த தளத்தை அது சில சமயம் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். 'எலும்புகள்' என்று அதற்குப் பெயர். வேறொரு நாள், வேறொருவர் விளையாடும்போது, அதே தளத்துக்குள் போய் விழலாம். செத்தவரின் உடைமைகள் தரையில் கிடக்கும். அவர் பெயரோடு ஒரு ஆவி அங்கே அலையும். அவரைக் கொன்ற பிராணியும் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும்.

ஒரு குளிர்கால இரவில் நான் அப்படி ஒரு ஆவியைச் சந்தித்தேன். பெயர் தமிழ்ப் பெயர். எந்த வகுப்பு, எந்த ஊர் என்று தெரியாது. அவர் விட்டுப்போன கவசம் நல்ல கவசம். ஆனால் எலும்புத் தளத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதிக்குச் சாபம் ஏறியிருக்கும். போட்டால் கழற்ற முடியாது. நெட்ஹாக்கில் வளர்ப்பு நாய் சாபம் ஏறிய பொருளை மிதிக்கத் தயங்கும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். என் நாயைக் கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டு இரண்டு சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த ஆவியை நான் அடிக்கவில்லை. புள்ளி கிடைத்திருக்கும்தான்.

அதன் பிறகான ரோக்லைக் வரலாறு நீளமானது. இங்கே ஓட்டமாகவே சொல்கிறேன். 2008இல் பெர்லினில் கூடிய ஆர்வலர்கள் எது ரோக்லைக், எது இல்லை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். குலம் கோத்திரம் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே ஆண்டு டெரெக் யூ 'ஸ்பெலங்கி'யில் நிரந்தரச் சாவையும் புதுக்குகையையும் எடுத்து, தாவிக் குதிக்கும் விளையாட்டுக்குள் வைத்தார். பட்டியல் அன்றே கிழிந்தது. 2020இல் வந்த 'ஹேடிஸ்' போன்றவற்றில் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஏதோ ஒரு பலத்தைக் கையோடு கொண்டுபோகலாம். அழகான விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டதை மட்டும் கொண்டுபோ என்ற பழைய கண்டிப்பு அதில் இல்லை.

ஆலைக் குடும்பத்துக்குத் திரும்புகிறேன். ஃபொரெஸ்டர் பிறகு நகரங்களையும் இதே முறையில் ஆராய்ந்து 1969இல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த வில் ரைட் 1989இல் 'சிம்சிட்டி' வெளியிட்டார். 2009இல் சக் பார்த் எழுதிய 'இன்ஃபினிமைனர்', மைன்கிராஃப்டுக்கு விதை போட்டது. மைன்கிராஃப்டுக்குள் இயந்திரமும் குழாயும் பூட்டி ஆலை கட்ட ரசிகர்கள் கிளைநிரல்கள் எழுதினார்கள். அவற்றை விளையாடிய செக் நாட்டு மிகால் கோவர்சிக், ஆலையையே முழு விளையாட்டாக்கினால் என்ன என்று கேட்டதன் விளைவுதான் 'ஃபாக்டோரியோ'. 2013இல் மக்களிடம் பணம் சேர்த்து, 2016இல் முடியாத நிலையிலேயே விற்பனைக்கு விட்டு, 2020 ஓகஸ்டில் முதல் முழுப் பதிப்பைக் கொடுத்தார்கள். இன்றுவரை விலைக்கழிவு கிடையாது. மாறாக 2023இல் விலையைக் கூட்டினார்கள்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மின்சுற்றுப் பலகை ஒன்று செய்ய ஒரு இரும்புத் தகடும் மூன்று செப்புக் கம்பியும் வேண்டும். ஒரு செப்புத் தகட்டில் இரண்டு கம்பி வரும். இரண்டு வேலைக்கும் எடுக்கும் நேரம் ஒன்றே. ஆகவே பலகை செய்யும் இரண்டு இயந்திரங்களுக்குக் கம்பி செய்யும் மூன்று இயந்திரங்கள் வைக்கவேண்டும். நான்கு வைத்தால் ஒன்று சும்மா நிற்கும். இரண்டு வைத்தால் பலகை இயந்திரங்கள் பட்டினி. சாதாரண பெல்ட் ஒன்று செக்கனுக்கு 15 பொருளைக் கொண்டுபோகும். கல் உலை ஒன்று 3.2 செக்கனில் ஒரு தகடு வார்க்கும். பெல்ட்டை நிரப்ப 48 உலை. இப்படி அடுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு ரொக்கெட் விடவேண்டும். சாவு இங்கே பெரிய விஷயமில்லை. பத்து மணித்தியாலத்துக்கு முன் இடம் விடாமல் நெருக்கிக் கட்டிய ஒரு மூலை இப்போது முழு ஆலையையும் மூச்சடைக்க வைக்கும். உடைத்துக் கட்டுவதா, சுற்றிக்கொண்டு போவதா? பியர் விளையாட்டின் அதே தாமதம், அதே பழி.

என் மகள் இதை மூன்று வருடமாக விளையாடுகிறாள். அவளோடு இருந்து பார்த்த முதல் நாள் நான் கேட்டது இதுதான்:

"வேலைக்காரர் எங்கை?"

"ஆக்கள் தேவையில்லை அப்பா. இந்தக் கைதான் எடுத்துப் போடும்."

பெல்ட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கை திரும்பித் திரும்பி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. 1989இல் கனடா வந்து நான் செய்த முதல் வேலை அதுதான். பிளாஸ்டிக் மூடிகளை பெல்ட்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடவேண்டும். எட்டு மணித்தியாலம், இரவு ஷிப்ட். என் இரு பக்கமும் நின்றவர்கள் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும் வங்கியில் காசாளராகவும் இருந்தவர்கள். மந்தம் வந்த 1991இல் ஒரு வெள்ளிக்கிழமை பாதிப் பேரை லேஓஃப் பண்ணினார்கள். கட்டளை குறைந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் சொன்னார். முதல் வருடம் முழுக்க ஓவர்டைம் செய்வித்து நிரப்பிய கிடங்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபொரெஸ்டரின் கென்டக்கிக் கதையை வாசித்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விளங்கியது.

ஃபாக்டோரியோவில் உற்பத்திக் கணக்குத் திரை ஒன்று இருக்கிறது. எந்தப் பொருள் நிமிடத்துக்கு எவ்வளவு செய்யப்பட்டது, எவ்வளவு செலவானது என்று எல்லாவற்றுக்கும் வரைபடம் உண்டு. ஃபொரெஸ்டரின் நிரல்களில் ஊழியர் நிரலைத் தவிர மற்றதெல்லாம் அங்கே இருக்கிறது என்று சொல்லலாம். முகாமையாளரின் தவறுக்கு விலை கொடுக்க அந்தக் கிரகத்தில் ஆள் யாரும் இல்லை. ஆள் இல்லையே தவிர உயிர் இருக்கிறது. ஆலைப் புகை பரவும். மரங்கள் கொஞ்சம் உறிஞ்சும். மிச்சம் அந்தக் கிரகத்துப் பிராணிகளின் கூடுகளை எட்டினால் அவை கூட்டமாக வந்து ஆலையைத் தாக்கும். எனவே சுவர், துப்பாக்கி, பிறகு தீ வீசும் கோபுரம். வந்திறங்கியவன் நீங்கள், அங்கேயே இருந்தவை அவை. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட கம்பெனிகளின் கதையில் நம் ஆட்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை மலையகத்திலும் மலேசியாவிலும் வேருள்ள வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒன்றைச் சொல்லவேண்டும்: இந்தக் கணக்கை விளையாட்டு மறைக்கவில்லை. புகை எங்கே போகிறது என்று வரைபடத்தில் சிவப்பாகக் காட்டுகிறது. பிராணிகள் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே அணைத்துவிடவும் வழி உண்டு. மகள் அணைத்துவிட்டுத்தான் விளையாடுகிறாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புகைக்கு விலை இல்லாத ஆலை பொய்யான ஆலை என்பது என் கட்சி. வீட்டில் இந்த வாதம் இன்னும் தீரவில்லை.

குகையும் ஆலையும் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்குக்கரையில் வாழும் டார்ன் அடம்ஸ், ஸாக் அடம்ஸ் என்ற சகோதரர்கள் 2002இல் தொடங்கி 2006இல் முதலில் வெளியிட்ட 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. டார்ன் கணிதத்தில் முனைவர்; இதற்காகவே பல்கலைக்கழக வேலையை விட்டவர். ரோக்கைப் போலவே எழுத்தும் குறியும்தான் திரை. குள்ளர்கள் சிலர் மலைக்குள் குடைந்து ஊர் அமைக்கிறார்கள். அவர்களுக்கு மது இல்லாவிட்டால் வேலை மந்தமாகும். மதுவுக்குக் காளான் வேண்டும், வடிக்கும் கூடம் வேண்டும், வெறும் பீப்பாய் வேண்டும். பீப்பாய்க்கு மரம் வேண்டும், மரத்துக்கு வெளியே போகவேண்டும், வெளியே எதிரி. பியர் விளையாட்டை நிலவறைக்குள் இறக்கியது போல.

ஆனால் இங்கே ஊழியர் நிரல் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு குள்ளருக்கும் பெயர், சிநேகிதர், பிடித்த கல், பிடிக்காத பூச்சி எல்லாம் உண்டு. ஒருவர் செத்தால் சிநேகிதர் துயரப்படுவார். துயரம் கூடினால் சாமானை உடைப்பார், அடிபிடி தொடங்கும், ஊரே குலையும். 'தோற்பது இன்பம்' என்பது இதன் ரசிகர்களின் தாரக மந்திரம். ஒருமுறை பூனைகள் காரணமில்லாமல் சாகின்றன என்று முறைப்பாடு வந்தது. டார்ன் தேடிப் பார்த்தார். மதுச்சாலைத் தரையில் சிந்திய மதுவில் பூனை நடக்கிறது. பிறகு கால்களை நக்கித் துப்புரவு செய்கிறது. அதனால் போதை ஏறிச் சாகிறது. யாரும் அப்படி எழுதவில்லை. தனித்தனியாக எழுதிய விதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட விளைவு அது.

நியூயோர்க்கின் நவீனக் கலைக் காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் எடுத்த முதல் பதினான்கு கணினி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. ஆனால் சகோதரர்கள் அதை இலவசமாகவே கொடுத்து, ரசிகர்களின் நன்கொடையில் வாழ்ந்தார்கள். பிறகு ஸாக்குக்குத் தோல் புற்றுநோய் வந்தது. சிகிச்சை பலித்தது. அமெரிக்காவில் அடுத்த முறை நோய் வந்தால் செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. 2019இல், படங்களோடு கூடிய பதிப்பை விலைக்கு விற்கப்போவதாக அறிவித்தார்கள். மொன்றியலில் உள்ள கிட்ஃபொக்ஸ் என்ற சிறு நிறுவனம் பதிப்பாளரானது. 2022 டிசம்பரில் வெளியானபோது இலட்சக்கணக்கில் விற்றது. உடல்நலத்துக்குக் காசு கட்டாத நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு, ஒரு கலைப்படைப்பு ஏன் இருபது வருடம் கழித்துக் கடைக்கு வந்தது என்பதன் காரணம் அந்தப் படைப்பு அளவுக்கே வரலாறாகத் தெரிகிறது.

போன மாதம் மகள் அதையும் வாங்கிவிட்டாள். அவள் ஊரில் சுரங்கம் வெட்டும்போது வெள்ளம் புகுந்து ஏழு பேர் போய்விட்டார்கள். ஆட்டத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மண்டபம் கட்டி, சுவரில் சிற்பம் செதுக்க ஒரு குள்ளரை விட்டிருந்தாள். அந்த விளையாட்டில் எதைச் செதுக்குவது என்பதைச் செதுக்குபவரே முடிவு செய்யலாம். ஊரில் நடந்தவையும் அதில் வரும். அவள் சுவரின் மேல் சுட்டியை வைத்து வாசித்துக் காட்டினாள். முதல் கல்லில் ஒரு பாலாடைக்கட்டி. இரண்டாவதில் ஒரு நட்சத்திரம். மூன்றாவதில் தண்ணீரில் மூழ்கும் ஒரு குள்ளர், பெயரோடு.